சிபாரிசுப் பொட்டலம்

“ஏட்டி, நெத்தியத் தொடச்சே, பாத்துக்கோ” என்றாள் கோமதியம்மாள்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் செண்பகவல்லியின் நெற்றியில் புற்றுமண்ணைப் பூசி, மிச்சத்தைப் பொட்டலமாக மடித்துக் கையில் திணித்தாள். விடியற்காலையில் கோமதியம்மன் கோயிலில் வாங்கி வந்த மண்; பாம்புக்கடி முதல் எந்த நோவுக்கும் ஊரில் அதைத்தான் பூசுவார்கள்.

“டாக்டருக்குப் படிக்க இன்டர்வியூ போறேன்மா. அங்கன போய் மண்ணைப் பூசிட்டா நிப்பாங்க?”

“மத்த பிள்ளைய எல்லாம் மந்திரி கடுதாசி கொண்டாரும். நம்மட்ட வேற என்னட்டி இருக்கு?”

அப்பா ஏறி வந்து பக்கத்தில் உட்கார, பஸ் கிளம்பியது.

பி.யூ.சி.யில் நல்ல மார்க்தான். ஆனால் 1974-இல் மார்க் மட்டும் போதாது, இன்டர்வியூவிலும் தேற வேண்டும். இந்த வருஷம் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த தை மாதம் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. ராஜபாளையம் தாண்டியதும் பொட்டலம் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மதுரையில் மெடிக்கல் காலேஜ் வராந்தா முழுக்கக் கூட்டம். அப்பா சங்கரபாண்டி நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து அவள் காதில் சொன்னார்.

“உள்ள இருக்கது டாக்டர் பிரபுதாஸாம். பெரிய சர்ஜன். திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரரு, சர்ச்சுக்குப் போறவரு. சிபாரிசுன்னு யாரும் வந்தா பேரை அடிச்சிருவாராம். நெத்தியத் தொடை மக்கா. மண்ணைப் பாத்தா சீட்டு தருவாரா?”

துடைத்தாள். பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதற்குள் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்படியே கைக்குள் இறுக்கிக்கொண்டு போனாள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் டாக்டர் பிரபுதாஸ். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

“அதென்ன பேப்பர்? சிபாரிசா?”

அவள் கையை இன்னும் இறுக்கினாள்.

“யார் கொடுத்தது?”

“கோ... கோமதியம்மன் சார்.”

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார்.

“புத்து மண்ணு. பாம்பு கடிச்சா இதைப் பூசினா சரியாயிடுமா?”

ஆகும் என்று சொன்னால் சீட்டு போச்சு. ஆகாது என்று சொல்ல நினைத்தால் அம்மாவின் முகம் முன்னால் வந்து நின்றது. 

“ஆகாது சார். என் தம்பிக்குப் பூசினோம். அப்புறமாத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வழியிலயே போயிட்டான்.”

டாக்டர் பொட்டலத்தை மறுபடி மடித்தார்.

“அப்புறமும் எதுக்கு இதைக் கொண்டுவந்தே?”

“மருந்துக்கு இல்ல சார். பயத்துக்கு.”

டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

“நீ போகலாம்.”

“சார், பொட்டலம்...”

“அது இங்கயே இருக்கட்டும்.”

வெளியே வந்ததும் செண்பகவல்லி அழுதுவிட்டாள். விஷயத்தைக் கேட்ட சங்கரபாண்டிக்கு ரத்தம் கொதித்தது.

“சாமி மண்ணைப் பிடுங்கி வச்சிக்கிட்டாரா? இந்நேரம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அவுகளுக்கு நம்ம சாமின்னா அம்புட்டு இளக்காரம். எந்திரி, போவோம். இவரு சீட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

அவள் எழுந்திருக்கவில்லை. சீட்டும் போய், மண்ணும் போய், அம்மா முன்னால் எப்படிப் போய் நிற்பது?

டீ வேளைக்கு அறைக் கதவு திறந்தது. டாக்டர் பிரபுதாஸ் நேரே அவர்களைப் பார்த்து வந்தார். அவ்வளவு நேரம் கொதித்துக்கொண்டிருந்த சங்கரபாண்டி, தோளில் கிடந்த துண்டைத் தன்னையறியாமல் கையில் எடுத்துக்கொண்டார்.

டாக்டர் வராந்தாவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சட்டைப் பைக்குள் விரலைவிட்டு எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டார். மடித்த பொட்டலத்தின் முனை வெளியே தெரிந்தது.

“நாளைக்குக் காலைல என் மகளுக்கு ஆபரேஷன்” என்றார். உள்ளே பேசிய குரல் இல்லை, ஊர்க் குரல். “எத்தனையோ பேருக்குப் பண்ணியிருக்கேன். நாளைக்கு நான் வெளியதான் உக்காந்திருக்கணும்.”

செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

“பயத்துக்குன்னு சொன்னீங்கள்லா, டாக்டரம்மா... இதைப் பிள்ளைக்குப் பூசணுமா, அப்பனுக்கா?”