முத்திரை உடையாத பாட்டில்

“எவ்வளவு தருவீங்கன்னு முதல்ல சொல்லுங்க மேடம். அப்புறம்தான் பையைத் திறப்பேன்.”

வக்கீலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். கழுத்தில் பிசுபிசுத்த வியர்வை, காலரில் அழுக்கு வரி. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் உதட்டை நக்கிக்கொண்டான். அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் அவன். அந்தக் கம்பெனியின் இருமல் மருந்தைக் குடித்துச் சிறுநீரகம் கெட்டுப்போன குழந்தைகளுக்காக வழக்கு நடத்திக்கொண்டிருந்தவர் வக்கீலம்மா. கம்பெனியின் சிம்மசொப்பனம் என்று பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின.

“பார்க்காம எதையும் பேச முடியாது. திற.”

அவன் மனசில்லாமல் ஒரு துணிப்பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். மேஜைமேல் சிவப்பு மருந்து நிறைந்த ஒரு சின்ன பாட்டில் நின்றது. மூடியில் அரக்கு முத்திரை கொஞ்சமும் கலையாமல் இருந்தது.

“ஒவ்வொரு தடவை மருந்து தயாரிக்கும்போதும் ஒரு பாட்டிலை சீல் வெச்சு லேப்ல எடுத்து வெப்போம். இது அந்த விஷ மருந்து தயாரிச்சப்போ எடுத்து வெச்சது. வேலையை விட்டு வரும்போது அமுக்கிட்டு வந்துட்டேன்.”

“வேற எங்கேயும் இல்லையா?”

“எங்கே இருக்கும்? கடையில இருந்ததை எல்லாம் திரும்ப வாங்கி எரிச்சுட்டாங்க. வீடுகள்ல மிச்சம் மீதி இருந்ததை, சுகாதாரத் துறையில இருந்து வர்றோம்னு ஆள் அனுப்பி வாங்கிட்டாங்க. தாய்மாருங்க நன்றி சொல்லிக் கொடுத்தாங்களாம்!” சிரித்தான். “உலகத்துலயே இது ஒண்ணுதான் மேடம்.”

“இத்தனை மாசமா இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணிட்டிருந்தே?”

“கம்பெனி சேர்மனுக்குப் போன் போட்டு மிரட்டிட்டிருந்தேன். அவருக்கு என் குரல்தான் தெரியும், ஆள் யாருன்னு தெரியாது. இப்போதான் மனுஷன் இறங்கி வந்து ஒரு விலை சொல்லியிருக்கார். அதுக்கு மேல நீங்க சொன்னா உங்களுக்கு. இல்லேன்னா அவருக்கு.”

“எரியற வீட்டுல பிடுங்கினது ஆதாயம்னு வந்திருக்கே. நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?”

“திட்டினா உடம்புல ஒட்டவா போகுது? விலையைச் சொல்லுங்க மேடம்.”

கதவு மெல்லத் திறந்தது. வழக்குப் போட்டவர்களில் ஒருத்தியான இளம் தாய், தோளில் பெண் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். குழந்தையின் முகம் ஊதிப்போய், கண்கள் கீற்றாக இடுங்கியிருந்தன.

“மன்னிச்சுக்கோங்க வக்கீலம்மா. அடுத்த வாரமாவது கேஸ் நடக்குமா? போன தடவையும் நம்ம பக்கம்தான் வாய்தா கேட்டதாச் சொன்னாங்க…”

“அவசரப்பட்டா தோத்துடுவோம்மா. இந்த மாதிரி கேஸ்ல நிதானம்தான் முக்கியம்.”

“நீங்க சொன்னா சரிதாம்மா. ஒரு பைசா வாங்காம எங்களுக்காக மல்லுக்கட்டுறீங்க. உங்களைத்தான் மலைபோல நம்பியிருக்கோம்.”

அதற்குள் குழந்தை மேஜையைப் பார்த்துவிட்டது. தாயின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு வீறிட்டது.

“வேணாம்மா! அந்த மருந்து வேணாம்மா! நான் இனிமே இரும மாட்டேன்மா!”

வந்த இருமலை அடக்க, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது. சின்ன உடம்பு குலுங்கியது.

“அது உனக்கில்லடி கண்ணு. எந்த பாட்டிலைப் பார்த்தாலும் இப்படித்தாம்மா நடுங்குறா.” தாய் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி வெளியே தூக்கிப் போனாள்.

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு காய்ந்து கிடந்தது.

“அந்தப் பாப்பாவுக்கு மூணு வயசு இருக்குமா மேடம்?”

“ஆறு.”

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். பிறகு சட்டையில் அவற்றை அழுத்தித் துடைத்தான். துடைத்ததையே மறுபடியும் துடைத்தான். பாட்டிலை வக்கீலம்மாவின் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தான்.

“எடுத்துக்கோங்க. எனக்கு ஒண்ணும் வேணாம். த்தூ, நான் மனுஷனே இல்ல.” எழுந்து நின்றான். “கோர்ட்டுல வந்து சொல்லச் சொன்னாலும் சொல்றேன் மேடம். ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்ல.”

“அதெல்லாம் வேண்டாம். திருடன்னு முதல்ல உன்னைத்தான் உள்ளே தள்ளுவாங்க. கண் காணாத இடத்துக்குப் போய்ப் பிழைச்சுக்கோ. மத்ததை நான் பார்த்துக்கிறேன்.”

அவன் கைகூப்பினான். வெளியே உட்கார்ந்திருந்த அந்தத் தாயை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லாமல், சுவரோரமாக நடந்து மறைந்தான்.

வக்கீலம்மா அறையை உள்ளே தாழிட்டார். கழிவறைக் குழாய் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

வெளியே குழந்தை அழுது ஓய்ந்து தாயின் மடியில் தூங்கிப்போயிருந்தது. “பெரிய மனசுடி அவங்களுக்கு. நம்மளை எப்படியும் கரையேத்திடுவாங்க” என்று அதன் தலையைக் கோதினாள் தாய்.

உள்ளே வக்கீலம்மா ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

“கடைசி பாட்டிலையும் சிங்க்ல ஊத்திட்டேன், சேர்மன் சார்.”