யாரும் எழுந்திருக்காத தேர்வறை

சட்டசபை கூடிக் கை தூக்கி, மேல்நிலைப் பள்ளிகளின் பொதுத் தேர்வுகளைப் பாதியாகக் குறைத்துவிட்டது. அந்தத் தள்ளுபடியில் இன்றைய கணக்குத் தேர்வும் அடிபட்டுப் போனதால், வினாத்தாள் கட்டுகள் பிரிக்காமலே திரும்பிவிட்டன. டீச்சர் இதைச் சொல்லி வெகுநேரம் ஆகிறது. ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. சரக்கே இறங்காத கடையில் கூட்டம் மட்டும் குறையாததுபோல், தலைகளெல்லாம் வெறும் மேஜைகள்மேல் கவிழ்ந்திருக்கின்றன. ஜன்னல் வெயிலில் மூடி கழற்றாத பேனாக்கள் மேஜை மரத்தின்மேல் ஊர்கின்றன. தானிய மூட்டைக்குள் வண்டு நடமாடுவதுபோல் அந்தச் சத்தம். மூன்றாவது வரிசையில் டீச்சரின் சொந்த மகள். வகுப்பிலும் வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறவள். டீச்சர் குனிந்து அவள் தோளைத் தொடுகிறாள். துணிக்கடை பொம்மையின் தோள்போல் அது விறைத்திருக்கிறது.

“சட்டம் போட்டே நிறுத்திட்டாங்கடி. இன்னும் யாருக்குடி எழுதுறே? வா, வீட்டுக்குப் போலாம்.”

மகள் நிமிரவில்லை. “பேசாதீங்க மேடம். மார்க்கைக் குறைச்சிடுவாங்க.”

டீச்சர் நிமிர்ந்து நிற்கிறாள். வேறு வழி தெரியாமல், தேர்வறைக்கென்றே வைத்திருக்கும் குரலை எடுக்கிறாள். “நேரம் முடிஞ்சுது. பேனாவைக் கீழ வைங்க.”

எல்லாப் பேனாக்களும் ஒரே சத்தமாக விழுகின்றன. ஆனாலும் எவரும் அசையவில்லை. விடைத்தாளைத் தன் கையில் கொடுக்காமல் யாரும் எழக் கூடாதென்று பழக்கியவளே அவள்தான். வரிசை வரிசையாகப் போய்க் கை நீட்டுகிறாள். ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றுமில்லாததை எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுந்து வெளியே போகிறது. மகளும் வெறுங்காற்றை இரண்டு கைகளாலும் தூக்கித் தருகிறாள்.

“அடிஷனல் ஷீட்டும் சேர்த்துக் கட்டியிருக்கேன், பாத்துக்கங்க மேடம்.”

வாங்கிய டீச்சரின் கை கனத்தில் தாழ்கிறது.