படத்தில் மார்கரெட்

"இன்னா சார் இது, படத்துல நான் நின்னுகினு கீறேன்!"

திருவிடந்தைக்குப் பக்கத்துக் குப்பத்தில், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் கட்டியிருந்த பேனரைப் பார்த்து மீன்கார மார்கரெட் கூவினாள். வரப்போகும் கடற்கரைப் பூங்காவின் படம் அது. நடைபாதை, புல்தரை, ஐஸ்கிரீம் கடை. புல்தரை நடுவில், கூடையோடு சிரிக்கும் மார்கரெட்.

அதைக் கம்ப்யூட்டரில் வரைந்தவன் நான். முதலில் வரைந்ததில் வெள்ளைக்காரர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்க்காரங்க ஒருத்தராவது தெரியணும்யா. இல்லன்னா எவனும் கையெழுத்துப் போட மாட்டான்" என்றார், பூங்கா கட்டப்போகும் எங்கள் கம்பெனியின் மேனேஜர்.

போன மாதம் நிலம் அளக்க வந்தபோது, தன் வீட்டு வாசலில் உட்காரவைத்து எனக்கு டீ கொடுத்தவள் மார்கரெட். அன்றைக்கு எடுத்த போட்டோவை வெட்டி ஒட்டினேன்.

மேனேஜர் சொன்னது பலித்தது.

"நம்மள தொரத்தறவங்க படத்துல போடுவாங்களா? பயப்படாம போடுங்க" என்று அவளே குப்பத்து ஜனங்களை வரிசையில் நிறுத்தினாள். திட்டத்துக்குச் சம்மதம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக அவளும் போட்டாள். தாள்கள் மேனேஜரின் காருக்குப் போய்விட்டன.

பிறகுதான் மார்கரெட் பேனரை விரலால் தடவித் தடவித் தேடினாள்.

"என்னியப் போட்டுகீறீங்க, சரி. என் வூடு எங்க கீது சார்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"படத்துல நீங்க நிக்கிறீங்களே அக்கா, அந்தப் புல்தரை" என்றேன். "அதுதான்."