முட்டை ஓடும் பால் கவரும்

குரும்பலூர் பேரூராட்சிக் குப்பை வண்டி வாசலில் நின்றது. சிந்தாமணி நீட்டிய வாளியைக் கிளறியதுமே தூய்மைப் பணியாளர் பூங்காவனம் ஆரம்பித்துவிட்டாள்.

"முட்டை ஓட்டை எதுக்குப் பால் கவரோட போட்டீங்க? எத்தனை தடவதான் சொல்றது? மக்குறது தனி, மக்காதது தனி."

சிந்தாமணி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். பூங்காவனம் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

வெளியூரிலிருந்து வந்திருந்த சிந்தாமணியின் மகள் இலக்கியாவுக்கு ஒரே வெட்கம். மறுநாள் அவளே குப்பையைப் பிரித்து, இரண்டு வாளிகளையும் வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சுக்கா. மனசுல வச்சுக்காதீங்க. இனிமே பிரிச்சே தரச் சொல்லியிருக்கேன்."

"அப்படிச் சொல்லிப்புடாதம்மா" என்று பூங்காவனம் குரலைத் தாழ்த்தினாள். "உடைஞ்ச கண்ணாடி, பிளேடெல்லாம் பேப்பர்ல சுத்தித் தனியாத்தான் குடுப்பாங்க. பால் கவரைக் கூடக் கழுவிக் காயவச்சுட்டுத்தான் முட்டை ஓட்டோட கலப்பாங்க. அவங்களுக்கா பிரிக்கத் தெரியாது?"

"அப்புறம் ஏன்க்கா கலக்குறாங்க?"

"உங்க அப்பா இருந்தவரைக்கும் தினமும் இந்த வாசல்ல உக்காந்து, அவங்களைத் திட்டிக்கிட்டே பிரிச்சுக் குடுப்பாரு. நான் திட்டுற வார்த்தை பூராவும் அவரோடதுதான்."

ஜன்னலோரம் சிந்தாமணி நிற்பது தெரிந்தது. பூங்காவனம் ஒரு வாளியிலிருந்து முட்டை ஓட்டை எடுத்து, அடுத்த வாளியிலிருந்த பால் கவர்களின் மேல் போட்டாள். பிறகு உள்ளே கேட்கும்படி சத்தம் போட்டாள்.

"முட்டை ஓட்டை எதுக்குப் பால் கவரோட போட்டீங்க?"

சிந்தாமணி வேகமாக வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.