காலளவு

உலைக்குள் போவதற்கு முன்னால் அந்த எஃகுப் பட்டை சொன்ன பேச்சைக் கேட்கும். கையால் அழுத்தினால் எப்படியும் வளையும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி, மறுபடி இளஞ்சூடு காட்டிவிட்டால், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் தன் வடிவத்துக்கே துள்ளி வந்துவிடும். பட்டறையில் ருக்மணி தினமும் செய்கிற வேலைதான்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவர் நாச்சிமுத்துவின் வலது பாதம் தொங்கிப்போய்த் தரையில் இழுபட்டது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு பட்டை செய்ய நினைத்தாள். அவர் தூங்கும்போது, எங்கேயும் உறுத்தக் கூடாதே என்று, கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால்வரை பட்டையை ஒட்ட ஒட்ட வளைத்தாள். உலையில் இறுக்கிக் கொண்டுவந்து கட்டினாள். துளிகூட உறுத்தவில்லை. பாதம் மட்டும் தொங்கியபடியே இருந்தது.

"தொங்கற காலுக்கே அளவெடுத்துட்டயா புள்ள?" வாய் கோணச் சிரித்தார்.

இறுகியதை இனி நிமிர்த்தினாலும் அதே வடிவத்துக்குத்தான் துள்ளி வரும். வேறொரு பட்டையை எடுத்தாள். இந்த முறை தரையில் உட்கார்ந்து, தன் வலது காலை நீட்டி, பாதத்தை நிமிர்த்தி, அதன்மேல் வைத்து வளைத்தாள்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு நாச்சிமுத்து வாசல்வரை நடந்தார். பாதம் இழுபடவில்லை.

"குதிகால்ல இறுக்குதுங்களா? என்ற காலு சின்னதுங்க. பெருசா வேற செஞ்சு தர்றனுங்க."

"வேண்டாம் புள்ள" என்றவர், அவளுடைய காலை முன்னால் எடுத்துவைத்துப் படியிறங்கினார்.