முந்தி வந்த பச்சை

கண்ணுகளா, அவர்கள் அடுத்தடுத்த வீட்டு ஓரகத்திகள். இளையவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கெட்டு, அவள் மகள் பத்து நாளாக வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தாள். மூத்தவளின் கழிவறைக் குழிதான் காரணமா என்று பார்க்க, தண்ணீர் சோதிப்பவர் வந்தார்.

"குழியில பச்சைச் சாயம் ஊத்துவேன். கிணத்துல பச்சை வந்தா இந்தக் குழிதான். நாளைக்கு வரேன்" என்றார்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே கிணறு பச்சைப்பசேலென்று இருந்தது. சாயப் புட்டியோ மூடி திறக்காமல் அவர் பையிலேயே இருந்தது.

"எதையோ கரைச்சுட்டு என் தலையில கட்டறியா?" என்றாள் மூத்தவள்.

"கரைக்க எங்கிட்ட என்னக்கா இருக்கு?"

"சரி, ஊத்துங்க தம்பி. ஊத்தாம இது எங்கேருந்து வந்துச்சாம்?" என்றாள் மூத்தவள்.

அவர் குழியில் ஊற்றினார். புட்டி காலியாகக் காலியாக, கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இளையவள் கத்தினாள்: "தெளியுதுக்கா!"

"ஊத்தப்போற சாயந்தான் முந்தியே வந்திருக்கு. என் குழிதான். அடுத்த வாரம் மூடிடறேன்" என்றாள் மூத்தவள்.

உள்ளே சிறுமி எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

மூத்தவள் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்க் கொத்தனாரைக் கையோடு இழுத்து வந்தாள்.

"என்னம்மா அப்படி அவசரம்?"

"புள்ள சாப்பிட ஆரம்பிச்சுட்டாய்யா, நாம இன்னும் மூடலியே!"