இருபத்து மூன்றாம் தடவை

ஷில்லாங்கின் அந்த ஒலிப்பதிவு அறைக்கு ஜன்னலே கிடையாது; உள்ளே நடப்பது வெளியே தெரியாது. காலையிலிருந்து பேஸ் கிட்டாரோடு அதற்குள் அடைந்து கிடந்தான் பன்ஷான்.

"கம்பி ஙொய்ங்னு இரையுதுடா!" பக்கத்து அறையிலிருந்த ஒலிப்பதிவாளர் கிட்போக்கின் குரல் ஸ்பீக்கரில் சீறியது. "பிக் தகட்டால மீட்டி வாசிக்கிறப்ப உள்ளங்கையால கம்பிய அமுக்கணும்னு தெரியாது?"

அமுக்கினான். கம்பிக்கடியில் ஸ்பாஞ்சுகூடத் திணித்தான். இருபத்து மூன்றாம் தடவையும் அதே ஏச்சு.

வெறுத்துப்போய் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

"அண்ணே, இப்ப வாசிக்கல. சும்மா அமுக்கி மட்டும் பிடிச்சிருக்கேன். இப்பவும் அந்த இரைச்சல் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது! முப்பது வருஷமா இந்தக் காதை வச்சுத்தான்டா சோறு திங்கிறேன். எங்கிட்டயேவா?"

பூட்டிய பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான் பன்ஷான்.

"தப்பு என்மேலதாண்ணே," என்றான் கடைசியில். "இன்னும் அழுத்திப் பிடிக்கிறேன்."